பின்கட்டில் மஞ்சள் பூச்செடி: வெட்டுவதா, விடுவதா?

கேள்வி, ஆகஸ்ட் 23

"சிகாகோவுக்குப் பக்கத்துல நேப்பர்வில் பக்கம் வீடு வாங்கி இது முதல் வருஷம். பின்பக்கம் வேலியோரம் இடுப்புயரத்துக்கு மஞ்சப் பூச்செடி கூட்டமா நிக்குது. ஆப்ல போட்டா கோல்டன்ராட்னு காட்டுது. ரெண்டு வாரமா வீட்டுல எல்லாருக்கும் தும்மல், கண்ணரிப்பு. இதுதான் காரணம்னு பக்கத்து வீட்டுக்காரர் அடிச்சுச் சொல்றார். சனிக்கிழமை ஆள் வெச்சு மொத்தமா வெட்டிடலாம்னு இருக்கேன். வேரோட போக என்ன மருந்து அடிக்கணும்?"

ஆகஸ்ட் 23, இரவு

மருந்து வேண்டாம், ஆளும் வேண்டாம். உங்கள் தும்மலுக்குக் காரணம் வேறு செடி. பூக்கொத்தைப் பக்கவாட்டிலிருந்து ஒரு படம், அடியில் தரையை ஒட்டியிருக்கும் இலையை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கோல்டன்ராடில் பல வகை உண்டு. எது என்று பார்க்காமல் கைவைத்தால் நல்லதும் சேர்ந்து போய்விடும்.

ஆகஸ்ட் 24

கோல்டன்ராட் மகரந்தம் கனமானது, பிசுக்குள்ளது. தேனீ, வண்டு, பட்டாம்பூச்சி உடம்பில் ஒட்டிக்கொண்டுதான் அடுத்த பூவுக்குப் போகும். காற்று அதைத் தூக்கி வந்து உங்கள் மூக்கில் போடாது. பழி இதன் மேல் விழக் காரணம், ராக்வீட் என்ற களை அதே நாட்களில் பூப்பதுதான். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி முதல் உறைபனி வரை ராக்வீட் மகரந்தம் கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே செடி ஒரு பருவத்தில் 100 கோடி துகள் வரை விடும் என்று கணக்குச் சொல்கிறார்கள். காற்றில் நூற்றுக்கணக்கான மைல் போகக்கூடியவை அவை. ஆனால் அதன் பூ பச்சை. இலையோடு இலையாக இருப்பதால் யார் கண்ணிலும் படாது. கோல்டன்ராட் பளிச்சென்று நிற்பதால் மாட்டிக்கொள்கிறது.

நடைபாதை ஓரம், காலி மனை, கட்டட வேலை நடக்கும் மண்மேடு, இங்கெல்லாம் ஒருமுறை நடந்து பாருங்கள். பார்த்தீனியத்தைப் போலவே பிளவுபட்ட இலை, நுனியில் பச்சைக் கதிர். தட்டினால் மஞ்சள் தூள் பறக்கும். இல்லினாய்ஸ் மாநிலக் களைச் சட்டத்தில், ஊர் எல்லைக்குள் ஒழிக்க வேண்டிய செடிகளின் பட்டியலில் ராக்வீட் இருக்கிறது. கோல்டன்ராட் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆகஸ்ட் 24, மாலை

கோயம்புத்தூர் நண்பர் கேட்டிருக்கிறார்: "ஊர்ல பார்த்தீனியத்தால மூச்சு இழுக்கும். இங்க வந்தா போயிடும்னு நெனச்சேன். செப்டம்பர் ஆனா மறுபடி அதே கதைதான். சம்பந்தம் இருக்கா?"

இருக்கிறது. பார்த்தீனியமும் ராக்வீடும் சூரியகாந்திக் குடும்பத்துக்குள் மிக நெருங்கிய உறவு. ஒன்றின் மகரந்தத்துக்குப் பழகிப்போன உடம்பு மற்றதைக் கண்டாலும் அதே மாதிரி எகிறும். இது ஆய்வில் தெரிந்த விஷயம்தான். ஊரிலிருந்து வந்த முதல் வருஷமே பலருக்கு இங்கே மூக்கு அடைப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அலர்ஜி டாக்டரிடம் போகும்போது பார்த்தீனியம் தொல்லை இருந்ததை மறக்காமல் சொல்லுங்கள். இங்குள்ள டாக்டர் தானாக அதைக் கேட்கமாட்டார்.

ஆகஸ்ட் 26

படங்கள் வந்துவிட்டன. பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

உங்கள் கொல்லையில் இரண்டு வகை இருக்கிறது. வேலி நெடுக நிற்பது டால் (tall, உயரமான) கோல்டன்ராட். பூங்கொத்து கூம்பாக, ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும். தண்டு முழுக்க ஒரே மாதிரிக் குறுகலான இலை. ஆனால் வாட்டர் ஹீட்டர் குழாய்க்குப் பக்கத்தில், வெயில் அடிக்கிற அந்த வறண்ட மூலையில் நிற்கிற செடி இருக்கிறதே, அது ஸ்டிஃப் (stiff, விறைப்பான) கோல்டன்ராட். சொலிடாகோ ரிஜிடா. தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753-லேயே பெயர் வைத்த செடி. பிற்பாடு சிலர் இதை ஒலிகோநியூரான் என்று தனிப் பேரினமாகப் பிரித்தார்கள், அதனால் விதைக் கடைப் பட்டியலில் இரண்டு பெயரிலும் வரும்.

எப்படி அடையாளம் காண்பது: பூங்கொத்து கூம்பாக இல்லாமல் மேலே தட்டையாக விரிந்திருக்கும். ஒவ்வொரு பூத்தலையும் மற்ற கோல்டன்ராட்களை விடப் பெரிசு, இதழ்களைத் தனித்தனியாக எண்ணலாம். அடியிலை நீண்ட காம்போடு, முட்டை வடிவில், சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். மேலே போகப் போக இலை சின்னதாகி, காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் அடியிலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கப் பராய் இலை எடுப்பார்களே, அந்தச் சொரசொரப்பு. டால் கோல்டன்ராடிடம் இந்தக் கனமான, விறைத்த இலை கிடையாது.

ஆப் இரண்டுக்கும் ஒரே பெயரைக் காட்டியது என்கிறீர்கள். பூவை மட்டும் எடுத்தால் அப்படித்தான் காட்டும். அடியிலையையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

ஆகஸ்ட் 27

"ஒரு களைக்கு இவ்வளவு பரபரப்பா" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

நாம் வீடு கட்டிக் குடியிருக்கிற இந்த மண் முழுக்க ஒரு காலத்தில் ஆளுயரப் புல்வெளி, ப்ரெய்ரி என்பார்கள். 1800-களின் தொடக்கத்தில் இல்லினாய்ஸில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் ப்ரெய்ரி இருந்தது. எஃகுக் கலப்பை வந்தது, சோளமும் சோயாவும் வந்தன. உழவு படாமல், நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது 2,500 ஏக்கர் அளவுதான். ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் துண்டு துண்டாக. ஸ்டிஃப் கோல்டன்ராட் அந்தப் புல்வெளியின் சொந்தக்காரர்களில் ஒன்று. கிழக்கே சில மாநிலங்களில் இப்போது அரிய தாவரப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. நம் பகுதியில் இன்னும் தாராளமாக இருக்கிறது. தாராளமாக இருக்கும்போதே காப்பாற்றுவது சுலபம் என்பதால்தான் இந்தப் பரபரப்பு.

செப்டம்பர் 3

எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டவர்களுக்கு: பட்டேவியாவில் ஃபெர்மிலேப். நம் ஆட்கள் அரோரா பாலாஜி கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு திருப்பம்தான். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் என்ன பூ என்று கேட்கவேண்டாம். துகள்களை வேகப்படுத்தும் பெரிய வளையத்துக்கு நடுவே கிடந்த பழைய வயலில் 1975-லிருந்து ப்ரெய்ரியைத் திரும்ப வளர்த்தார்கள். ராபர்ட் பெட்ஸ் என்ற பேராசிரியர் யோசனை. இதற்கு நிறைய வருஷம் பிடிக்கும் என்று அவர் சொன்னதும், அப்போதைய இயக்குநர் ராபர்ட் வில்சன் "அப்படியானால் இன்று மதியமே தொடங்கிவிடலாம்" என்ற தோரணையில் பதில் சொன்னதாக அங்கே இன்றும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை.

அங்கே 1969-லிருந்தே காட்டெருமைக் கூட்டமும் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல சாக்கு. இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் ஜோலியட்டுக்குத் தெற்கே மிடேவின். முன்னாள் வெடிமருந்துத் தொழிற்சாலை நிலம், 1996-ல் தேசியப் புல்வெளியானது.

செப்டம்பர் 8

23-ம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். "வெட்டவேண்டாம்" என்று பொத்தாம்பொதுவாக நின்றுவிடக் கூடாது என்று படுகிறது. இரண்டு வகைக்கும் இரண்டு நியாயம்.

டால் கோல்டன்ராட் நிலத்தடியில் கிழங்குத்தண்டு விட்டுப் பரவும். பத்து ஏக்கரில் அது அழகு. நாற்பதடிக் கொல்லையில் மூன்று நான்கு வருஷத்தில் மற்ற எதையும் நிற்கவிடாது. அதன் நெருங்கிய உறவான கனடா கோல்டன்ராட் ஐரோப்பாவிலும் சீனாவிலும் ஆக்கிரமிப்புச் செடியாகப் பெயரெடுத்துவிட்டது. ஜப்பானில் டால் கோல்டன்ராடே அந்தப் பெயரை வாங்கியிருக்கிறது. அங்கெல்லாம் அதைக் கட்டுப்படுத்தும் பூச்சிகளும் போட்டிச் செடிகளும் கூடவே போகவில்லை.

ஸ்டிஃப் அப்படி ஓடாது. ஒரே இடத்தில் கொத்தாக நிற்கும். விதை விழுந்துதான் அடுத்த செடி. அதனால் என் கருத்து: வேலியோரத்து டால் கோல்டன்ராடைப் பாதி விட்டு, பாதியை விதை கட்டும் முன் தலையை வெட்டுங்கள். வசந்தத்தில் மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாறை போட்டுக் கிழங்குத்தண்டை இழுத்தால் வந்துவிடும். மருந்து தேவையே இல்லை. மூலையில் நிற்கும் ஸ்டிஃபைத் தொடாதீர்கள்.

செப்டம்பர் 10

ஒமாஹா பக்கமிருந்து ஒருவர் வேறு மாதிரிச் சொல்கிறார். அங்கே மாடு வளர்ப்பவர்களுக்கு இந்த ஸ்டிஃப் கோல்டன்ராடைக் கண்டாலே ஆகாதாம், மேய்ச்சல் நிலத்தை நிரப்பிவிடுகிறதாம். அவர் சொல்வது சரி. மாடு புல்லைத் தின்னும், இந்தச் சொரசொர இலையை விட்டுவிடும். அளவுக்கு மீறி மேயவிட்ட நிலத்தில் புல் சோர்ந்துபோக, இது பெருகும். ஆனால் தவறு செடியில் இல்லை, மேய்க்கிற முறையில்தான். புல்லுக்கு ஓய்வு கொடுத்தால் செடி தன் அளவுக்குத் திரும்பிவிடும்.

செப்டம்பர் 14

இன்று மதியம் வெயில் நன்றாக இருந்தது. என் வீட்டுச் செடி முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தட்டைப் பூவின் அருமை அப்போதுதான் தெரியும். பெரிய பட்டாம்பூச்சிகூட இறங்கி, இறக்கையைச் சிரமமில்லாமல் விரித்து, நடந்து நடந்து குடிக்கிறது. ஆரஞ்சு மஞ்சளில் கறுப்புப் பொட்டு வைத்த சோல்ஜர் வண்டுகள் ஜோடி ஜோடியாக. கறுப்பும் மஞ்சளும் வரிவரியாக, குளவி என்று ஏமாற்றும் லோக்கஸ்ட் போரர் வண்டு. பருத்த பம்பிள்பீ தேனீக்கள் குளிர் வருவதற்குள் சேர்க்கிற அவசரத்தில். ஒரு பம்பிள்பீ மட்டும் அசையாமல் கிடந்தது. தூங்குகிறதோ என்று குனிந்து பார்த்தால், பூவின் நிறத்திலேயே ஒரு ஆம்புஷ் பூச்சி அதன் கழுத்தடியில் அலகைச் செருகி உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தேனீயின் பாதி உடம்புகூட இல்லை அந்தப் பூச்சி. முன்கால் மட்டும் பிடிப்பதற்கென்றே தடித்துப்போய் இருக்கிறது. எத்தனையோ தடவை அந்தப் பூவைப் பார்த்திருக்கிறேன், இதைக் கவனித்ததில்லை.

மோனார்க் பட்டாம்பூச்சிகளும் வந்தன. கோடை முடிவில் பிறக்கும் தலைமுறை இங்கே முட்டையிடாது. 1,500 மைலுக்கு மேல் பறந்து மெக்சிகோவின் மலைக்காடுகளில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத்தான் இனப்பெருக்கம். வழியில் குடிக்கிற தேனைக் கொழுப்பாக மாற்றி, அதை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் உயிர் பிடிக்கின்றன. மே மாதத்தில் பூப்பதற்கு ஆயிரம் செடி இருக்கிறது. செப்டம்பரில் தேன் தருவதற்குச் சிலதான் உண்டு. நம் தோட்டங்களில் அந்த மாதம் இருப்பது பெரும்பாலும் கடையில் வாங்கிய தொட்டிச் சாமந்தி மட்டுமே. இந்தச் செடியை விடச் சொல்லி நான் கெஞ்சுவதற்கு முதல் காரணம் இதுதான்.

செப்டம்பர் 15

கோல்டன்ராட் தேன் நாறுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், கோல்டன்ராட் தேன் கட்டும் நாட்களில் கூட்டுப் பக்கம் போனால் புழுங்கின சாக்ஸ் வாடை அடிக்கும். புதிதாகத் தேனீ வளர்ப்பவர்கள் கூட்டுக்கு நோய் வந்துவிட்டதோ என்று பதறுவார்கள். தேன் முதிர்ந்ததும் அந்த வாடை அடங்கிவிடும். சீக்கிரம் உறையும் தேன். சப்பாத்திக்குத் தடவ அதுவே வசதி.

செப்டம்பர் 20

தோல் டாக்டர் ஒருவர் திருத்தம் சொல்லியிருக்கிறார், அவசியமான திருத்தம். மகரந்தம் காற்றில் வராது என்பது சரி, ஆனால் செடியைக் கையால் தொட்டால் தோல் அரிப்பு வருபவர்கள் உண்டு. சூரியகாந்திக் குடும்பச் செடிகளைத் தினமும் கையாளும் பூக்கடைக்காரர்களிடம் இது தெரிந்த தொல்லையாம். ஊரில் பார்த்தீனியத்தால் தோல் வெடித்தவர்கள் முழுக்கை சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

"ஊரில் பொக்கேயில் ரோஜாவுக்கு நடுவே மஞ்சளாகச் செருகுகிறார்களே, அதுவும் இதுதானா?" அதே பேரினம்தான். கோல்டன்ராட் என்ற பெயரிலேயே அங்கே வெட்டுப்பூவாக வளர்க்கிறார்கள். ஆனால் அது கூம்புப் பூ வகை. ஸ்டிஃப் இல்லை.

செப்டம்பர் 29

பேச்சு எங்கோ போய் ரப்பரில் நிற்கிறது. சரி, அதையும் எழுதிவிடுகிறேன்.

எடிசனின் கடைசி ஆராய்ச்சி கோல்டன்ராடில்தான். ரப்பருக்குத் தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களையே நம்பியிருப்பது ஆபத்து என்று, கார் தயாரித்த ஃபோர்டும் டயர் தயாரித்த ஃபயர்ஸ்டோனும் பணம் போட, 1927-ல் ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸில் தொடங்கினார். ஆயிரக்கணக்கான செடிகளை அரைத்துச் சோதித்து, கடைசியில் கோல்டன்ராடில் வந்து நின்றார். இலையில் ரப்பர் இருக்கிறது, ஒரே வருஷத்தில் அறுவடை. தேர்ந்தெடுத்து வளர்த்து 12 அடி உயரம் வரை கொண்டுவந்தார். 1931-ல் அவர் இறந்தார். பிறகு செயற்கை ரப்பர் வந்துவிட்டது. அவர் எடுத்தது தெற்கத்திய வகை, நம் புல்வெளிச் செடி அல்ல.

நம் செடிக்கு வேறு பெருமை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான மெஸ்க்வாக்கி மக்கள் இதன் பூவை ஊறவைத்து, தேனீ கொட்டிய வீக்கத்துக்குத் தடவியிருக்கிறார்கள். ரப்பர் கதையைவிட எனக்கு அது நெருக்கமாகத் தெரிகிறது.

அக்டோபர் 7

கேள்வி கேட்டவருக்குக் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது: "களையை அகற்றவும்". எனக்கும் முன்பு ஒருமுறை வந்தது. அன்றைக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் அவர் மனசு புரிகிறது.

செய்யவேண்டியது இதுதான். 2024-ல் இல்லினாய்ஸில் வீட்டுக்காரர்களின் நாட்டுத் தாவரத் தோட்டங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பராமரித்து வளர்க்கிற உள்நாட்டுச் செடிகளைச் சங்கங்கள் வெறுமனே தடை செய்ய முடியாது. பதில் கடிதத்தில் அந்தச் சட்டத்தையும் செடியின் தாவரவியல் பெயரையும் குறிப்பிடுங்கள். கூடவே, படுகையைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி ஒரு கரை காட்டுங்கள். நடைபாதைப் பக்கம் சாயும் தண்டைக் கட்டிவிடுங்கள். கவனித்து வளர்க்கிற இடம் என்று பார்த்ததும் தெரிந்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

ஸ்டிஃப் செடியின் தண்டு சாய்கிறது என்றால் உரம் போட்டிருக்கிறீர்கள். இதற்கு உரமும் வேண்டாம், தினசரித் தண்ணீரும் வேண்டாம். ஏழை மண்ணில் பெயருக்கு ஏற்றபடி விறைப்பாக நிற்கும், கொழுத்த மண்ணில் உயர்ந்து கவிழும்.

அக்டோபர் 19

விதை கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பூ பழுப்பாகி, வெள்ளைப் பஞ்சு கிளம்பி, லேசாக இழுத்தாலே கையோடு வரவேண்டும். அதுதான் பதம். காகித உறையில் போட்டுக் காயவையுங்கள், பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். எல்லாத் தலையையும் பறிக்காதீர்கள், கோல்ட்ஃபிஞ்ச் குருவிகளுக்கு விடுங்கள். பொதுப் புல்வெளிகளில் அனுமதி இல்லாமல் ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. ஃபெர்மிலேப் போன்ற இடங்களில் இலையுதிர் காலத்தில் தன்னார்வலர்களைச் சேர்த்து விதை அறுவடை நடத்துவார்கள், அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது அடியிலைகளைப் பாருங்கள். விளிம்பு செம்மை ஏறி, சில முழுக்க ஒயின் நிறமாகியிருக்கும்.

நவம்பர் 30

"தண்டு நடுவே கோலிகுண்டு அளவுக்கு உருண்டை, நோயா?" நோய் இல்லை. படத்தில் இருப்பது டால் கோல்டன்ராட், உள்ளே இருப்பது, தண்டில் இப்படி முடிச்சை உண்டாக்கும் ஒரு ஈயின் (gall fly) புழு. தாய் ஈ தண்டின் குருத்தில் முட்டையிட, புழு சுரக்கும் பொருள் செடியை இப்படி வீங்கவைக்கிறது. குளிர்காலம் முழுக்க அந்த வீட்டுக்குள்தான் இருக்கும். உடம்பில் கிளிசராலும் சார்பிடாலும் ஏற்றிக்கொண்டு, பனியில் உறைந்தும் சாகாமல் இருக்கும். டவுனி மரங்கொத்தி அந்த உருண்டையைக் கொத்திப் புழுவை எடுக்கும். உறைந்த ஏரியில் மீன் பிடிப்பவர்கள் உருண்டையை உடைத்துப் புழுவைத் தூண்டிலில் மாட்டுவார்கள். ஸ்டிஃபில் இந்த ஈ முட்டையிடுவதில்லை. அதனால் உருண்டை தெரிந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

அப்படியே ஒரு வேலை: விதையை ஈர மணலில் கலந்து இரண்டு மாதம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், அல்லது இப்போதே வெட்டவெளி மண்ணில் தூவிவிடுங்கள். குளிர் பட்டால்தான் நன்றாக முளைக்கும். மூடவேண்டாம், மண்ணோடு அழுத்தினால் போதும்.

மார்ச் 22

பழைய தண்டுகளை இன்னும் வெட்டாதீர்கள், பூச்சிகள் உள்ளே இருக்கலாம். ஏப்ரல் கடைசியில் ஓரடிக்கு மேல் தண்டை விட்டு வெட்டுங்கள். உள்ளே குடைந்து கூடு கட்டும் தேனீக்களுக்கு அந்தக் குச்சி உதவும்.

ஜூன் 11

கேள்வி கேட்டவர் நாற்றுப் படம் போட்டிருக்கிறார். ஆமாம், அதுதான். தரையோடு படிந்த நான்கைந்து சாம்பல் பச்சை இலை. இந்த வருஷம் பூக்காது, அடுத்த வருஷம் அல்லது அதற்கடுத்த வருஷம்தான். பொறுமையிழந்து ஏதோ களை என்று பிடுங்கிவிடாதபடி பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

எதோடு சேர்த்து நடுவது: லிட்டில் புளூஸ்டெம் புல், ஊதா நிறத்துக்கு பிளேசிங் ஸ்டார், ஸ்மூத் ஆஸ்டர். புல் இருந்தால்தான் தண்டுக்குத் துணை. வெறும் மல்ச் மூடாக்கில் தனியாக நட்டால் எல்லாப் பக்கமும் விதை விழுந்து முளைக்கும், பிறகு அதைக் குறை சொல்வோம். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர். வறண்ட மூலையில் நிற்கிற தாய்ச்செடிக்கு அதுவும் தேவையில்லை.